முகாமில் ஒரு பெண் உங்களிடம் சொன்னால்: பாலின வன்முறைக்கு ஆளானவருக்கு முதல் உதவி

புயலோ வெள்ளமோ போரோ மக்களை முகாமுக்குத் துரத்தும்போது, தாழ்ப்பாள் போட்ட கதவு, பழகிய அக்கம்பக்கம், கையிலிருந்த காசு எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. கழிப்பறைக்கு இருட்டில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, ஒரு தார்ப்பாய் மறைப்பில் படுக்க வேண்டும். ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்த கணவனைத் தட்டிக்கேட்க இப்போது ஆளில்லை. கோபித்துக்கொண்டு போகத் தாய்வீடும் பக்கத்தில் இல்லை. அதனால்தான் பேரிடர் உதவியில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இங்கே பாலின வன்முறை நடக்கிறதா என்று புள்ளிவிவரம் வரட்டும் எனக் காத்திருக்கக் கூடாது. நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முதல் நாளே ஏற்பாடு செய்துவிட வேண்டும். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

பாலின வன்முறை என்றதும் பலருக்கும் பாலியல் வல்லுறவு ஒன்றுதான் நினைவுக்கு வரும். உதவி அமைப்புகள் அதை ஆறு வகையாகப் பிரிக்கின்றன: வல்லுறவு, மற்ற பாலியல் தாக்குதல்கள், அடி உதை, கட்டாயத் திருமணம், மனரீதியான கொடுமை, உரிய பொருளையும் வாய்ப்பையும் மறுப்பது. கடைசி வகை முகாமில் சர்வசாதாரணம். ரேஷன் அட்டையையோ நிவாரணப் பணத்தையோ கணவன் பிடுங்கி வைத்துக்கொள்வதும், விதவை என்பதால் நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்காமல் விடுவதும் வன்முறைதான். ஒருவரின் பாலினத்தைக் காரணமாக்கி, அவரைவிட அதிகாரம் உள்ளவர் அவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்யும் தீங்கு எல்லாமே இதில் அடங்கும்.

இந்தக் கட்டுரை ஆற்றுப்படுத்துநருக்கோ மருத்துவருக்கோ அல்ல. அரிசி அளந்து கொடுப்பவர், குடிநீர்த் தொட்டியைக் கவனிப்பவர், முகாம் பள்ளியில் பாடம் எடுப்பவர், விடுமுறையில் உதவ வந்த கல்லூரி மாணவி ஆகியோருக்கானது. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் தனக்கு நம்பிக்கை வந்த முகத்திடம்தான் சொல்வார். அந்த முகம் நிபுணருடையதாக இருப்பது அபூர்வம். அப்போது உங்கள் பொறுப்பு பெரிதல்ல, ஆனால் பிசகக் கூடாதது: காலம் கடக்கும் முன் சரியான தகவலை அவர் கையில் கொடுக்க வேண்டும், முடிவை அவரிடமே விட வேண்டும், கேட்டதை வெளியே விடக் கூடாது.

காக்ஸ் பஜார் காட்டிய நிலவரம்

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் மீது மியான்மர் ராணுவத்தினர் நடத்திய பாலியல் வன்முறையை ஐ.நா.வின் உண்மை கண்டறியும் குழு 2018-இல் விரிவாகப் பதிவு செய்தது. அந்த மாவட்டத்தின் குட்டுப்பாலாங் முகாமின் மலைச்சரிவுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு எழுந்த குடிசைகளில், அந்தப் பெண்கள் இருக்குமிடத்துக்கு உதவியைக் கொண்டுபோவது எப்படி என்பதே முதல் சிக்கல்.

பல பெண்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வரவே அனுமதி கிடைக்காது. படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். துண்டறிக்கை கொடுத்துப் பயனில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் 'மாஜி' எனப்படும் தலைவர் ஒருவர் இருந்தார், பெரும்பாலும் ஆண். எந்தப் புகாரும் முதலில் அவரிடம் போகும். மாலைக்குப் பிறகு உதவி நிறுவன ஊழியர்களில் பெரும்பாலோர் முகாமைவிட்டு வெளியேறியாக வேண்டும். ஆபத்து அதிகமாகும் நேரத்தில் உதவி குறைந்துவிடும்.

இதற்கு நடுவே பயன்பட்ட ஓர் ஏற்பாடு, 'சாந்தி கானா' என்று அந்தப் பெண்கள் அழைத்த மகளிர் கூடம். அங்கே தையல் கற்கலாம், குழந்தையோடு உட்காரலாம், சும்மா பேசிக்கொண்டும் இருக்கலாம். வருகிறவர்களில் யார் வன்முறையைப் பற்றிச் சொல்ல வந்தார், யார் ஊசிநூலுக்காக வந்தார் என்று வெளியாருக்குத் தெரியாது. இதுதான் அதன் பாதுகாப்பே. 'பாலியல் வன்முறை உதவி மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு கூடாரத்துக்குள் நுழையும் பெண்ணை முகாம் முழுவதும் பார்க்கும். அதற்குப் பதில் தாய்சேய் நலப் பிரிவின் ஒரு பகுதியாகவோ, எல்லாப் பெண்களும் வரும் கூடமாகவோ வைப்பதுதான் சரி. உதவி எண் அச்சிட்ட அட்டையைக் கொடுப்பதிலும் இதே கவனம் வேண்டும்: தடுப்பூசி, மகப்பேறு எண்களோடு சேர்ந்த ஒரு பட்டியலில் அந்த எண்ணும் இருக்கட்டும். தனி அட்டை கணவன் கையில் சிக்கினால் அவளுக்கு அன்றிரவே அடி விழலாம்.

மணிக்கணக்கு

ஒருவர் வல்லுறவுக்கு ஆளாகியிருக்கிறார் என்றால், சட்டம், நீதி, தண்டனை எல்லாவற்றுக்கும் முன்பாக மருத்துவக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. தன்னார்வலர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 'முதலில் அழுது முடிக்கட்டும், இரண்டு நாள் கழித்துப் பேசலாம்' என்பது அன்பான எண்ணம்தான். அந்த இரண்டு நாளில் தடுக்கக்கூடியது தடுக்க முடியாததாகிவிடலாம்.

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி என்பது வெளி எல்லை. முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால் பலன் அதிகம். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்திவிடுவோர் பலர். குமட்டலும் சோர்வும் முக்கியக் காரணங்கள். சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் குமட்டல் குறையும் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. முகாமில் இன்னொரு காரணமும் உண்டு: ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, மறுபடி வரச் சொல்வார்கள், அதற்குள் குடும்பமே வேறு இடத்துக்குப் போயிருக்கும், அல்லது மறுபடி வெளியே வர அவளுக்குச் சாக்கு கிடைக்காது. எனவே 28 நாளுக்கும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 120 மணி நேரம், அதாவது 5 நாள். லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. இது சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மருந்து. முட்டை வெளிவந்துவிட்ட பிறகு பலன் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு வேளை தர வேண்டும். இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. இந்தக் குழப்பத்தால் மருந்தை மறைத்து வைக்கும் சுகாதாரப் பணியாளரும் உண்டு, வாங்க மறுக்கும் பெண்ணும் உண்டு. எனவே தெளிவாகச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை 14 நாளுக்குள் தொடங்கலாம். காயத்தில் மண் பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி. பால்வினை நோய்களுக்கான மருந்துக்குக் கெடு எதுவும் இல்லை. 5 நாள் தாண்டிவிட்டது, ஒரு மாதம் ஆகிவிட்டது என்றாலும் மருத்துவமனைக்குப் போவது வீண் அல்ல. 'காலம் கடந்துவிட்டது' என்று நீங்கள் சொல்லிவிட்டால், இன்னும் கிடைக்கக்கூடிய மருத்துவமும் அவருக்குக் கிடைக்காமல் போகும்.

தடயம் பற்றி ஒரு குறிப்பு. வழக்குப் போட அவர் விரும்பலாம் என்றால், குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போவது நல்லது. உடையைக் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் அழியும். இந்தியச் சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலில் உடலிலிருந்து தடயம் சேகரிக்க 96 மணி நேரம் வரை இடம் உண்டு. ஆனால் குளித்துவிட்டார் என்பதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். சிகிச்சைக்குத் தடயம் தேவையே இல்லை.

முகாமில் இந்த மருந்துகள் இருக்குமா? பேரிடர்களுக்கென்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் தயாரித்து வைத்திருக்கும் பெட்டிகளில் 3-ஆம் எண் பெட்டி இதற்கானது. 10,000 பேர் கொண்ட மக்கள்தொகைக்கு 3 மாதம் என்ற கணக்கில் அடுக்கப்பட்டது. பெட்டி மாவட்டக் கிடங்கில் இருப்பதும், இரவு 11 மணிக்கு அதைத் திறக்கத் தெரிந்த ஒரு செவிலியர் இருப்பதும் வேறு வேறு. எனவே நீங்கள் முகாமுக்கு வந்த முதல் நாளே மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை உண்டு, இரவில் யார் இருப்பார், எந்த வண்டியில் போவது. இது தெரியாமல் ஒரு பெண்ணைத் தவறான இடத்துக்கு அனுப்பினால், அவர் தன் கதையை இரண்டு முறை, மூன்று முறை அந்நியர்களிடம் சொல்ல நேரும். மூன்றாவது இடத்துக்குப் பலர் போவதே இல்லை.

பேசும்போது

நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். 'இங்கே யாருக்காவது அப்படி ஏதாவது நடந்ததா?' என்று கூடாரம் கூடாரமாகக் கேட்பது உதவி அல்ல, அது ஆபத்து. வருபவரை எதிர்கொள்ள ஆயத்தமாக இருப்பதுதான் உங்கள் பங்கு.

அவர் பேச வரும்போது சத்தமில்லாத, ஆனால் பூட்டாத ஓர் இடத்துக்குப் போங்கள். அவர் பேசத் தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 'நீங்க சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க உயிருக்கு ஆபத்துன்னா, இல்ல 18 வயசுக்குக் கீழ உள்ள ஒருத்தர் சம்பந்தப்பட்டிருந்தா, நான் சிலர்கிட்ட சொல்லியாகணும்.' எல்லாம் சொல்லி முடித்த பிறகு இந்த வரம்பைச் சொன்னால், அதை அவர் துரோகமாகவே எடுத்துக்கொள்வார். அதில் தவறும் இல்லை.

பிறகு கேளுங்கள். இடைமறிக்காதீர்கள். எங்கே, எப்படி, யார், எத்தனை பேர் என்ற கேள்விகள் உங்களுக்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்க மருத்துவருக்கும் காவல்துறைக்கும்தான் காரணம் உண்டு. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: இப்போது உடலில் காயமோ ரத்தப்போக்கோ இருக்கிறதா, இன்றிரவு அவர் திரும்பிப் போகும் இடம் பாதுகாப்பானதா. எப்போது நடந்தது என்பதை மட்டும் மென்மையாகக் கேட்கலாம், மேலே சொன்ன மணிக்கணக்குக்காக.

'நீங்க சொன்னது நல்லது. இது உங்க தப்பு இல்ல. இப்ப உங்களுக்கு எது ரொம்ப அவசரமாத் தேவைப்படுது?' என்ற மூன்று வாக்கியம் போதும். 'அந்த நேரத்துல அங்க ஏன் போனீங்க', 'அப்பவே கத்தியிருக்கலாமே', 'நடந்தது நடந்துபோச்சு, மறந்துடுங்க' என்பவற்றில் ஒன்று வாயிலிருந்து வந்தாலும் அவர் அத்தோடு மூடிக்கொள்வார். 'அவனை விடமாட்டோம், பார்த்துக்கலாம்' என்பதும் வேண்டாம். அதை நிறைவேற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் தன் அனுமதியின்றித் தொடப்பட்ட ஒருவரைத் தொடும் முன் கேட்க வேண்டும்.

நடந்ததை முழுவதுமாகச் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அவர் சொல்ல விரும்பும் அளவு போதும்.

அடுத்து தகவல்: எங்கே என்ன கிடைக்கும், எவ்வளவு நேரத்துக்குள், அங்கே போனால் என்ன நடக்கும், காவல்துறைக்குத் தெரியவருமா. இவற்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டு, என்ன செய்யலாம் என்று நினைக்கிறார் எனக் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். இங்கேதான் நல்லெண்ணம் கொண்டவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். தன் உடல் மீதான முடிவு ஒரு முறை பறிக்கப்பட்டவரிடமிருந்து இரண்டாம் முறையும் அதைப் பறிக்கக் கூடாது. 'நாளைக்கு மனசு மாறினாலும் வாங்க, ஆனா இந்த மாத்திரைக்கு வியாழக்கிழமை காலை வரைதான் நேரம்' என்று துல்லியமாகச் சொல்வது வற்புறுத்தல் அல்ல, உண்மை.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பெண்ணாக, வேறு பகுதியிலிருந்து வந்தவராக இருக்கட்டும். அவருடைய குழந்தையை மொழிபெயர்க்கவைக்காதீர்கள். கணவனையும் வேண்டாம்.

வெளியே கசியும் வழிகள்

பெயரைச் சொல்லாமல் இருப்பது மட்டும் ரகசியம் காப்பதாகாது. 'சி பிளாக்கில் ஒரு அக்காவுக்குப் பிரச்சினை, யாராவது வாங்க' என்று தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே முகாமில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரிந்துவிடும். மறுநாள் நிறுவனச் சட்டையோடு அவர் கூடாரத்துக்குப் போய் நலம் விசாரிப்பது, வரிசையில் எல்லோரும் பார்க்க அவருக்கு மட்டும் கூடுதல் பொருள் கொடுப்பது, நிறுவனத்தின் பெயர் பொறித்த வண்டியை வாசலில் நிறுத்துவது எல்லாமே கசிவுதான். நோட்டில் எதுவும் எழுதாதீர்கள். பதிவேடு வைப்பது பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. அவர்களும் பெயருக்குப் பதில் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தி, ஒப்புதல் படிவத்தைத் தனி அலமாரியில் பூட்டி வைப்பார்கள்.

படம் எடுக்க வரும் பத்திரிகையாளரிடம் அவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் தகவல் சேகரிப்போர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே 2022-இல், ஐ.எஸ். பிடியில் பாலியல் அடிமையாக வைக்கப்பட்டு மீண்ட, நோபல் பரிசு பெற்ற யாசிதிப் பெண் நாதியா முராத்தின் பெயரால் ஒரு நடத்தை நெறி வெளியானது. இந்தியாவிலோ பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை.

சமரசம் பேசுவது

காக்ஸ் பஜாரில் மாஜியிடம் போன புகார்கள் பலவும் 'சாலிஷ்' எனப்படும் ஊர்ப் பஞ்சாயத்தில் முடிந்தன. நம் ஊரிலும் இதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. முகாமில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்க வேண்டும் என்ற அழுத்தம் கூடுதலாகவே இருக்கும். காவல் நிலையம் தொலைவு, எல்லோரும் அடுத்தடுத்த கூடாரம். தன்னார்வலர் அந்தக் கூட்டத்தில் ஒருபோதும் உட்காரக் கூடாது. அடித்தவன் எதிரே அமர்ந்திருக்கும்போது அடிபட்டவள் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் கூட்டம் கலைந்த பிறகு அதற்கு விலை கொடுப்பவள் அவள்தான். சில பஞ்சாயத்துகள் வல்லுறவு செய்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துவிடுகின்றன. அந்த ஏற்பாட்டுக்குத் தீர்வு என்ற பெயர் பொருந்தாது. அது ஆறு வகை வன்முறையில் இன்னொன்று.

நம் சட்டங்கள்

தமிழ்நாட்டில் 181 மகளிர் உதவி எண், 1098 குழந்தைகளுக்கானது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். வல்லுறவுக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. எஃப்.ஐ.ஆர். கேட்டு அலைக்கழிக்க முடியாது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரக் கடமைப்பட்டது என்பதையும், புகார் கொடுக்க விருப்பமில்லை என்று அவர் எழுதிக் கொடுக்கலாம் என்பதையும், அதனால் சிகிச்சை நிற்காது என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது; அதைச் செய்பவர் முறைகேடு செய்தவராகக் கருதப்படுவார் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நிலை வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தையிடம் நீங்கள் விசாரணை நடத்தாதீர்கள். அது நம்பும் ஒரு பெரியவரை உடன் வைத்துக்கொண்டு 1098-ஐ அழையுங்கள். நம்பும் பெரியவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

கருத்தரித்துவிட்டால் இந்தியாவில் 24 வாரம் வரை சட்டப்படி கலைக்க இடமுண்டு; வல்லுறவுக்கு ஆளானவர்களோடு, அரசு அறிவித்த பேரிடர்ச் சூழலில் உள்ள பெண்களும் அந்த விதியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வங்கதேசத்தில், நின்ற மாதவிடாயை வரவைப்பது என்ற பெயரில் கருவை அகற்றும் 'மாதவிடாய் ஒழுங்குபடுத்தல்' என்ற சேவை ஆரம்ப வாரங்களில் சட்டப்படி கிடைக்கிறது. ரோஹிங்கியா பெண்களுக்கும் அது வழங்கப்பட்டது. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி. எனவே அங்கே அந்த 120 மணி நேரம் தவறினால் பெண்ணுக்கு மிஞ்சும் வழி மிகக் குறைவு. இலங்கையில் மகளிருக்கான இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. பல அரச மருத்துவமனைகளில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இதற்கென்றே இயங்குகிறது.

ஆண்களும் திருநரும் பாதிக்கப்படுகிறார்கள். மேலே சொன்ன மருத்துவத்தில், கருத்தரிப்பு நீங்கலாக, எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டத்தில் வயது வந்த ஆண் மீதான வல்லுறவுக்குத் தனிப் பிரிவே இல்லை. இந்த இடைவெளியைக் காரணம் காட்டி மருத்துவத்தை மறுப்பவர் இருந்தால் விடாமல் கேளுங்கள்.

செய்தவர் உதவிக்கு வந்தவரே என்றால்

மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே உணவையும் பொருளையும் காட்டிச் சிறுமிகளைச் சுரண்டியது 2002-இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஐ.நா. பொதுச்செயலாளர் ஒரு ஆணை பிறப்பித்தார்: பணம், வேலை, பொருள், சேவை எதையும் பாலுறவுக்கு மாற்றாகக் கொடுப்பது தடை, 18 வயதுக்கு உட்பட்டவரோடு உறவு, உள்ளூர்ச் சட்டம் என்ன சொன்னாலும், தடை. இது ஐ.நா. பணியாளருக்கும் அதன் பங்காளி நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

சந்தேகம் வந்தாலே, ஆதாரம் தேடாமல், நிறுவனத்தின் புகார் வழியில் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் இந்தக் கடமையையும் முதலிலேயே சொல்லுங்கள். அவர் பெயரைச் சேர்க்காமல் புகார் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். புகார் பெட்டியை அரிசி வழங்கும் மேசையின் மேல் வைக்காதீர்கள். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ, அவரே அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கக்கூடும்.